வாலட்டால் போட்ட கையெழுத்து சிங்கப்பூரில் செல்லுமா? பிளாக்செயின் ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்ட 6,000 வெள்ளி

பாசிர்ரிஸ்காரன் | திங்கள் இரவு

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்கிறவன். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்குச் சரக்கு இருப்பு, பில், காலாவதித் தேதி எல்லாம் பார்த்துக்கொள்கிற மென்பொருள் எழுதித் தர ஒப்புக்கொண்டேன். மொத்தம் 18,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று தவணை, தவணைக்கு 6,000. கடை முதலாளிக்கு கிரிப்டோவில், அதாவது மின்நாணயங்களில், ஆர்வம் அதிகம். "பேப்பர் எதற்கு, எத்தீரியத்தில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் போடலாம். பணத்தை யுஎஸ்டிசியாக அதில் பூட்டிவிடுகிறேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நான் கையெழுத்துப் போட்டால் பணம் தானாக உங்களுக்கு வந்துவிடும்" என்றார். எத்தீரியம் ஒரு பிளாக்செயின், அதாவது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கிற, பிறகு மாற்ற முடியாத பதிவேடு. ஸ்மார்ட் கான்ட்ராக்ட் அதில் தானாக ஓடுகிற நிரல். யுஎஸ்டிசி அமெரிக்க டாலர் மதிப்போடு கட்டிய மின்நாணயம். எனக்கும் யோசனை பிடித்திருந்தது. பணம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் முன்கூட்டியே இருக்கிறதே என்ற நிம்மதி.

வேலை விவரத்தை நான்கு பக்க பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினேன். அந்தக் கோப்பின் ஹேஷ் (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுத்த, கைரேகை மாதிரியான எண்) ஸ்மார்ட் கான்ட்ராக்டில் ஏறியது. இரண்டு பேரும் அவரவர் வாலட்டால் (மின்நாணயத்துக்கான ரகசியச் சாவியை வைத்திருக்கும் செயலி) கையெழுத்திட்டோம். முதல் இரண்டு தவணையும் சொன்னபடி வந்தன. மூன்றாவது கட்டத்தையும் முடித்து, கிடங்குக்கே போய் ஊழியர்களுக்கு இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த மென்பொருளில்தான் பில் போடுகிறார்கள். ஆனால் கடைசிக் கையெழுத்து மட்டும் வரவில்லை.

கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் வந்த பதில்: "நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வாலட் ஆபீசில் நாலு பேர் பயன்படுத்துவது. யார் அழுத்தினார்களோ."

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 60 நாளுக்குள் ஒப்புதல் வராவிட்டால் பூட்டிய பணம் அவருக்கே திரும்பிவிடும் என்று நிரலில் எழுதியிருக்கிறது. அதை எழுதியதும் நான்தான், அவர் கேட்டதால் சேர்த்தேன். 41 நாள் ஓடிவிட்டது.

வாலட்டால் போட்டது சட்டப்படி கையெழுத்தா? 60-ஆம் நாள் பணம் திரும்பிப் போனால் என் கதை முடிந்ததா? தூக்கமே வரவில்லை.


சட்டக்கோப்பு | திங்கள் இரவு

தம்பி, நான் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்களுடைய வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்த விஷயத்தைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து தேவையா?

சிங்கப்பூரில் ஒரு சேவை ஒப்பந்தம் வாய்ப்பேச்சிலேயே உண்டாகலாம். ஒருவர் கேட்டார், மற்றவர் ஒப்புக்கொண்டார், பணமோ வேலையோ கைமாறியது, இரண்டு பேரும் இதைச் சட்டப்படியான உறவாகவே நினைத்தார்கள் என்றால் போதும். எழுத்தும் கையெழுத்தும் கட்டாயம் என்று சிவில் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சில வகைகளை மட்டுமே சொல்கிறது. பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்பது, நிலம் சம்பந்தப்பட்டது, ஒரு வருடத்துக்குள் நிறைவேற்ற முடியாதது மாதிரி. நீங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தது சில மாத வேலைதானே? அப்படியானால் "நான் கையெழுத்துப் போடவில்லை" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது. மின்னஞ்சல் இருக்கிறது, இரண்டு தவணை கொடுத்திருக்கிறார், மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். நம் மின்னியல் பரிவர்த்தனைகள் சட்டம் முதலில் 1998-இல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2021-இல் திருத்தியது. ஒரு தகவல் மின்னியல் வடிவத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதன் சட்ட வலுவை மறுக்கக்கூடாது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்துக்கான முன்மொழிவையும் அதற்கான சம்மதத்தையும் மின்வழியாகவே சொல்லலாம் என்கிறது 11-ஆம் பிரிவு. 8-ஆம் பிரிவுதான் கையெழுத்து பற்றியது. பயன்படுத்திய முறை ஆளை அடையாளம் காட்ட வேண்டும், அந்தத் தகவலைப் பற்றி அவருடைய எண்ணம் என்ன என்பதையும் காட்ட வேண்டும். அந்த முறை காரியத்துக்கு ஏற்ற அளவு நம்பகமாக இருக்க வேண்டும், அல்லது இந்த இரண்டையும் அது செய்தது என்று வேறு சான்றுகளோடு சேர்த்து நிரூபிக்கப்பட வேண்டும்.

அந்தக் கடைசி "அல்லது"வைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உதவப்போவது அதுதான்.

பேனா, காகிதம், பிளாக்செயின் என்று சட்டத்தில் எங்கேயும் பெயர் சொல்லவில்லை. அதனால் "இது பிளாக்செயின், ஆகவே செல்லாது" என்ற வாதத்துக்கு இடமே இல்லை. "இது பிளாக்செயின், ஆகவே கண்டிப்பாகச் செல்லும்" என்பதற்கும் இடமில்லை.


சாவிக்கொத்து | திங்கள் நள்ளிரவு

அக்கா சொன்னதற்கு நிரல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இந்த வேலையில்தான் இருக்கிறேன்.

எத்தீரியத்தில் "கையெழுத்து" என்று நாம் சொல்வது ஒரு கணக்கு. தனிச்சாவி என்ற ரகசிய எண்ணை வைத்து, தகவலின் ஹேஷ் மேல் அந்தக் கணக்கைப் போடுகிறோம். தனிச்சாவியைப் பார்க்காமலேயே, அது இருந்தால்தான் இந்த விடை வந்திருக்கும் என்று யாரும் சரிபார்க்கலாம். வாலட் முகவரி என்பதும் அந்தச் சாவியின் பொதுப் பக்கத்தை ஹேஷ் செய்து எடுத்த 20 பைட்தான். அதில் பெயர் கிடையாது, அடையாள அட்டை எண் கிடையாது, முகம் கிடையாது.

ஆகவே தம்பியின் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் உறுதியாகச் சொல்வது இவ்வளவு: இந்தச் சாவி, இந்த ஹேஷுக்கு, இந்த பிளாக்கில் (பிளாக்செயின் என்ற சங்கிலியில் சேரும் பதிவுத் தொகுப்பு) கையெழுத்திட்டது. பிளாக் சுமார் 12 விநாடிக்கு ஒன்று வருவதால் நேரமும் கிட்டத்தட்ட துல்லியமாகத் தெரியும். அதற்குப்பிறகு பிடிஎஃப் கோப்பில் ஒரு கமாவை மாற்றினாலும் ஹேஷ் பொருந்தாது. இந்த விஷயத்தில் காகிதம் பக்கத்திலேயே வர முடியாது.

சாவியைத் தட்டிய விரல் யாருடையது என்பது மட்டும் சங்கிலிக்குத் தெரியாது. அதைச் சங்கிலிக்கு வெளியே போய்த்தான் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்று, திரையில் என்ன தெரிந்தது என்றும் பாருங்கள். சில சமயம் வாலட்டில் வெறும் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு வரி வரும், கீழே "சைன்" பொத்தான். என்னவென்று படிக்க முடியாமல் அழுத்தியவர் "எதற்குச் சம்மதித்தேன் என்றே தெரியவில்லை" என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. மனிதர் படிக்கிற மாதிரி "இரண்டாம் கட்டம் ஏற்கப்பட்டது, தொகை இவ்வளவு" என்று காட்டியிருந்தால் அந்த வாதம் நிற்காது. உங்கள் பக்கத்தில் எப்படிக் காட்டினீர்கள்?


பாசிர்ரிஸ்காரன் | செவ்வாய் காலை

இரண்டு பேருக்கும் நன்றி. கட்டத்தின் பெயர், தொகை, கோப்பின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் தெளிவாக வரும்படிதான் எழுதியிருந்தேன். திரைப் படங்கள் இருக்கின்றன.


சட்டக்கோப்பு | செவ்வாய் மதியம்

நல்லது, அவற்றைப் பத்திரமாக வையுங்கள்.

சாவிக்கொத்து சொன்ன "விரல் யாருடையது" என்ற இடத்துக்கு வருகிறேன். மொத்த விவகாரத்தின் கனமே அங்கேதான் இருக்கிறது.

அதே சட்டத்தில் "பாதுகாப்பான மின்கையெழுத்து" என்று ஒரு மேல்தட்டு இருக்கிறது, 18-ஆம் பிரிவு. கையெழுத்து அந்த ஆளுக்கே உரியதாக இருக்க வேண்டும், அவரை அடையாளம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், அவருடைய தனிக் கட்டுப்பாட்டில் உள்ள வழியால் போடப்பட்டிருக்க வேண்டும், ஆவணம் மாறினால் கையெழுத்து உடைகிற மாதிரி ஆவணத்தோடு பிணைந்திருக்க வேண்டும். இந்த நான்கும், சட்டத்தில் குறிப்பிட்ட பாதுகாப்பு முறையாலோ, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட, வணிக ரீதியில் நியாயமான முறையாலோ சரிபார்க்கப்பட்டால், 19-ஆம் பிரிவு ஒரு பெரிய சலுகை தருகிறது. அது அந்த ஆள் போட்டதுதான், கையெழுத்திடும் எண்ணத்தோடு போட்டதுதான் என்று நீதிமன்றம் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று மறுக்கிறவர்தான் சான்று கொண்டுவர வேண்டும்.

2020 நவம்பரில் வந்த சிங்பாஸ் (அரசின் மின்னடையாள முறை) கையெழுத்து இந்தத் தட்டில் உட்காருகிறது. ஏனென்றால் அங்கே சாவிக்குப் பின்னால் ஆள் யார் என்று தேசியச் சான்றளிப்பு அமைப்பு உறுதி சொல்கிறது.

உங்கள் வாலட்டை அந்த நான்கில் வைத்துப் பாருங்கள். ஆவணத்தோடு பிணைப்பு அருமையாக இருக்கிறது. அடையாளம் காட்டுவது பாதிதான். தனிக் கட்டுப்பாடு? நாலு பேர் பயன்படுத்துவது என்று அவரே சொல்கிறார். அதனால் 19-ஆம் பிரிவின் சலுகை உங்களுக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கையெழுத்து செல்லாது என்று ஆகிவிடாது. 8-ஆம் பிரிவின் கீழ் நீங்களே நிரூபிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எப்படி என்று கேட்பீர்கள். கம்பெனி சாப்பை, அதாவது ரப்பர் முத்திரையை, நினைத்துப் பாருங்கள். முதலாளி சாப்பை மேசைமேல் வைத்துவிட்டு, நாலு ஊழியர்களை டெலிவரி ஆர்டரில் குத்தச் சொல்கிறார். பிறகு ஒருநாள் "யார் குத்தினார்களோ" என்கிறார். நீதிமன்றம் கேட்கும் கேள்வி: குத்த அவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார், எதிர்த் தரப்பிடம் அப்படி அதிகாரம் இருப்பதாகக் காட்டிக்கொண்டது யார்? வாலட்டும் அதே கதைதான். அந்த முகவரியை உங்களுக்குக் கொடுத்தது யார், எப்படிக் கொடுத்தார்? பணத்தை அதிலிருந்து பூட்டியது யார்? இரண்டு தவணை விடுவிக்கப்பட்டபோது அவர் மறுப்புச் சொன்னாரா? தேடிப் பாருங்கள்.


பாசிர்ரிஸ்காரன் | செவ்வாய் இரவு

தேடினேன். அவருடைய கடை மின்னஞ்சலிலிருந்தே வந்திருக்கிறது: "இதுதான் நம் கம்பெனி வாலட்." கீழே முகவரி, அவர் பெயர், கடை முத்திரை. இரண்டாம் தவணை விடுவித்த அன்று மாலை வாட்ஸ்அப்பில் "இப்போதுதான் சைன் பண்ணினேன், வந்ததா பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். பிளாக்கின் நேரமும் அந்தச் செய்தியின் நேரமும் ஒரு நிமிட இடைவெளிகூட இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.


சட்டக்கோப்பு | செவ்வாய் இரவு

தம்பி, நான் கேட்ட "அல்லது" இதுதான். அந்த வாட்ஸ்அப்பை உரையாடலோடு முழுசாக ஏற்றுமதி செய்து வையுங்கள். நறுக்கிய படம் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.


ஈசூன்_வீட்டுமுகவர் | புதன் காலை

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் வீட்டு முகவர். என் வாடிக்கையாளர் ஒருவர் வாடகை ஒப்பந்தத்தையே பிளாக்செயினில் போடச் சொல்கிறார். நிலம், வீடு எல்லாம் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு என்று வகுப்பில் சொன்ன நினைவு. அப்படியானால் நாங்கள் தினமும் ஐபேடில் வாங்குகிற வாடகைக் கையெழுத்துகள் எல்லாம் என்னவாகும்?


சட்டக்கோப்பு | புதன் மதியம்

நல்ல கேள்வி அக்கா. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

முதல் அட்டவணையில் சில ஆவணங்களுக்கு விலக்கு இருப்பது உண்மை. உயில், அறக்கட்டளைப் பிரகடனம், பவர் பத்திரம், அசையாச் சொத்தை விற்கிற அல்லது அதில் உரிமை மாற்றுகிற ஒப்பந்தம் என்று போகும். ஆனால் விலக்கு என்றால் "இந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது" என்று பொருள். "மின்வழி செய்தால் செல்லாது" என்று பொருள் இல்லை. அப்போது பழைய பொதுச் சட்டத்தின்படி பார்ப்பார்கள்.

2005-இல் எஸ்எம் இன்டகிரேட்டட் டிரான்ஸ்வேர் எதிர் ஷெங்கர் என்ற வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கிடங்குக் குத்தகை பற்றியது. பேச்சு நடந்தது மின்னஞ்சலில். கீழே பெயர்கூட எழுதாத அஞ்சல்களும் இருந்தன. மின்னஞ்சலின் "அனுப்பியவர்" வரியில் பெயர் தெரிகிறதே, அதுவே கையெழுத்துக்குப் போதும் என்று நீதிபதி ஜூடித் பிரகாஷ் தீர்ப்பளித்தார். நிலம் சம்பந்தப்பட்டது, மின்னியல் சட்டத்தின் விலக்கில் இருப்பது, இருந்தும் சிவில் சட்டத்தின் எழுத்து, கையெழுத்துத் தேவையை அது நிறைவேற்றியது. மின்னஞ்சலின் ஒரு வரிக்கே அந்த மதிப்பு என்றால், வாலட்டை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் ஏழு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை நினைத்தும் பார்க்காதீர்கள். அதற்கு டீடு (முறைப்படி எழுதிய பத்திரம்) வேண்டும், அதுவும் ஆங்கில மொழியில் என்று சட்டமே சொல்கிறது. ஸ்மார்ட் கான்ட்ராக்டில் எழுதிய நிரல் எந்த மொழி என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

முத்திரை வரியையும் மறக்கவேண்டாம். மின்வழி ஒப்பந்தத்துக்கும் அது உண்டு. இங்கே கையெழுத்திட்டதிலிருந்து 14 நாள். மாதம் 3,000 வெள்ளி, இரண்டு வருடம் என்றால் மொத்த வாடகை 72,000, அதில் 0.4 விழுக்காடு, 288 வெள்ளி. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க முடியாது. சங்கிலியில் அழியாமல் இருந்து என்ன பயன்?


உட்லண்ட்ஸ்_ஐயா | புதன் மாலை

எனக்கு 74 வயது. பேரன் என் உயிலைப் பிளாக்செயினில் போட்டால் யாரும் திருத்த முடியாது என்கிறான். செய்யலாமா அம்மா?


சட்டக்கோப்பு | புதன் மாலை

வேண்டாம் ஐயா. உயிலுக்குக் காகிதம்தான். நீங்கள் கீழே கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உங்கள் எதிரில் இருக்க வேண்டும், அவர்களும் கையெழுத்திட வேண்டும். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. திருத்தவே முடியாத இடத்தில் அதை ஏன் வைக்க வேண்டும்?

மத்திய சேமநிதிப் பணம் உயிலில் வராது, அதற்கு நியமனம் தனி. அதை சிங்பாஸ் மூலம் இணையத்திலேயே செய்யலாம், இரண்டு சாட்சிகளும் அப்படியே. நினைவு தப்பினால் உங்களுக்காக முடிவெடுக்க ஆள் நியமிக்கும் நீடித்த அதிகாரப் பத்திரமும் 2022 முதல் மின்வழியாகச் செய்ய முடிகிறது. அதற்கென்று தனியாகச் சட்டம் திருத்தினார்கள்.

ஊரில் நிலம் இருந்து பவர் கொடுப்பதாக இருந்தால் அது இந்தியச் சட்டம். இங்கே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி, பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரை வரி கட்ட வேண்டும். வாலட் வேலைக்கு ஆகாது.


உட்லண்ட்ஸ்_ஐயா | புதன் இரவு

புரிந்தது. நன்றி அம்மா. பேரனுக்குப் படித்துக் காட்டினேன்.


கெப்பல்கரை | வியாழன் காலை

நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். பிளாக்செயின் கையெழுத்துக்குச் சட்டம் உண்மையிலேயே வழி திறந்துவிட்ட இடம் எங்கள் தொழில்தான், அதனால் சொல்கிறேன்.

சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தருகிற பில் ஆஃப் லேடிங் சாதாரண ரசீது இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவர்தான் சரக்கைக் கேட்க முடியும். மின்கோப்பை ஆயிரம் நகல் எடுக்கலாமே, எதைக் "கையில் வைத்திருப்பது"? அதனால்தான் அது ரொம்ப காலம் விலக்கிலேயே இருந்தது. 2021 மார்ச் 19 முதல் அந்த விலக்கை எடுத்துவிட்டார்கள். ஐநாவின் 2017-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்தைத் தழுவிய திருத்தம் அது. அந்த மின்பதிவு ஒன்றே ஒன்றுதான் என்று காட்ட முடிய வேண்டும், ஒருவர் கட்டுப்பாட்டில் மட்டும் இருக்க வேண்டும், முழுமை கெடாமல் இருக்க வேண்டும். ஒரு டோக்கன் (சங்கிலியில் பதிந்த மின்சீட்டு) ஒரு நேரத்தில் ஒரு வாலட்டில்தான் இருக்கும் என்ற பிளாக்செயினின் இயல்பு இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரசின் தகவல்தொடர்பு, ஊடக ஆணையமான ஐஎம்டிஏ மின்வழி வணிக ஆவணங்களுக்காக உருவாக்கிய டிரேட்டிரஸ்ட் அந்த அடிப்படையில்தான் ஓடுகிறது. இங்கிலாந்தும் 2023-இல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டது.

கையெழுத்தைவிடக் கட்டுப்பாடுதான் இங்கே பெரிது. ஆனால் மறுமுனையில் இருக்கிற நாடும் வங்கியும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வருடம் எனக்கு ஒரு சரக்கில் எல்லாம் மின்வழி முடிந்து, கடைசியில் வாங்குகிறவருடைய வங்கி காகிதம்தான் வேண்டும் என்றது. கூரியரில் அனுப்பி, ஆறு நாள் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடந்து, வாடகை கட்டினோம்.


சாவிக்கொத்து | வியாழன் மதியம்

கெப்பல்கரை சொன்னது அருமை. என் மகளுடைய பாலிடெக்னிக் சான்றிதழும் ஓபன்சர்ட்ஸ் என்ற பிளாக்செயின் முறையில் வந்ததுதான். அதிலும் சங்கிலியில் இருப்பது ஹேஷ் மட்டும், சான்றிதழ் அதில் இல்லை. தம்பி, நீங்களும் ஹேஷை மட்டும் ஏற்றியது நல்ல காரியம். ஆட்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பொதுச் சங்கிலியில் போய்விட்டால் திரும்ப அழிக்க வழியில்லை. தேவை முடிந்ததும் தனிப்பட்ட தகவலை வைத்திருக்கக்கூடாது என்று நம் சட்டம் சொல்கிறது.

இப்போது 60 நாள் விஷயம். நிரலில் எழுதியதுதான் ஒப்பந்தம், நிரல் திருப்பிக் கொடுத்தால் கதை முடிந்தது என்று என் தொழிலில் நிறையப் பேர் நம்புகிறார்கள். நானும் நம்பினேன். குவாய்ன் வழக்கைப் படித்த பிறகுதான் மாறினேன்.

2017 ஏப்ரல் 19. குவாய்ன் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் ஒரு கோளாறு. வெளிச்சந்தை விலையை அதன் மென்பொருளால் எடுக்க முடியவில்லை. பி2சி2 என்ற நிறுவனத்தின் தானியங்கி நிரல், ஓர் ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) சுமார் 10 பிட்காயின் என்று போட்டு வைத்திருந்த விலை அப்படியே நிறைவேறிவிட்டது. அன்றைய சந்தை விலை சுமார் 0.04 பிட்காயின். ஏறக்குறைய 250 மடங்கு. 309 ஈத்தருக்கு 3,092 பிட்காயின் கைமாறியது. மறுநாள் குவாய்ன் எல்லாவற்றையும் தானாகவே திருப்பிவிட்டது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. விற்றது செல்லும், திருப்பியது தவறு.

எனக்கு அதில் பிடித்தது காரணம். எந்திரத்துக்கு மனம் கிடையாது, அதனால் அதை எழுதியவர் எழுதும்போது என்ன தெரிந்து, என்ன நினைத்து எழுதினார் என்று நீதிபதிகள் தேடினார்கள். ஆள் பார்க்காமல் நிரல் மட்டும் செய்த ஒப்பந்தம் என்று யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. அந்த வியாபாரம் ஒரு தளத்தின் கணக்கில் நடந்தது, பிளாக்செயினில் அல்ல. ஆனாலும் நிரலுக்குப் பின்னால் மனிதரைத் தேடுகிற அந்த வழி நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். அக்கா, சரியா?


சட்டக்கோப்பு | வியாழன் இரவு

சரிதான். மின்னியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒவ்வொரு செயலையும் மனிதர் பார்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தானியங்கி முறையில் உண்டான ஒப்பந்தம் செல்லாமல் போகாது.

தம்பி, உங்கள் 60 நாளை இப்படிப் பாருங்கள். பணம் எந்த வழியாக நகரும் என்பதற்கு நிரல் ஓர் ஏற்பாடு. "வேலையை முடித்தால் 6,000 வெள்ளி தருகிறேன்" என்ற கடமை அந்த நான்கு பக்கத்தில் இருக்கிறது. நிரல் பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்தால் பெட்டி காலியாகும், கடன் அப்படியே நிற்கும். 60 நாள் தாண்டினால் கூலி கிடையாது என்று அந்தப் பிடிஎஃப் கோப்பில் எங்கேயாவது எழுதியிருக்கிறீர்களா?


பாசிர்ரிஸ்காரன் | வியாழன் இரவு

இல்லை. "கட்டம் ஏற்கப்பட்ட பின் தொகை வழங்கப்படும், நியாயமான காரணமின்றி ஏற்பை மறுக்கக்கூடாது" என்று இருக்கிறது. பழைய வேலை ஒன்றிலிருந்து எடுத்த வரி. அதன் மதிப்பு இன்றைக்குத்தான் தெரிகிறது.


சட்டக்கோப்பு | வியாழன் இரவு

அப்படியானால் பயப்படாதீர்கள். முதலில் கடையின் பெயருக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். தேதிவாரியாக, அமைதியான மொழியில். மின்னஞ்சல், வாட்ஸ்அப் இரண்டையும் இணையுங்கள். பரிவர்த்தனையைப் பொதுத் தளத்தில் யாரும் பார்க்கக்கூடிய இணைப்பையும் கொடுங்கள்.

வழிக்கு வராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். சேவை ஒப்பந்தம் அதன் வரம்புக்குள் வரும். தொகை 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர்கள் வர முடியாது, நீங்களே பேச வேண்டும். சாட்சியச் சட்டத்தின் கடுமையான விதிகள் அங்கே கட்டுப்படுத்தாது. ஹேஷ் என்றால் என்ன என்று மூன்று வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், அதற்குமேல் போகாதீர்கள். கோரிக்கையை வெள்ளியில் எழுதுங்கள். நடுவர் உங்கள் ஸ்மார்ட் கான்ட்ராக்டைத் திறக்கச் சொல்லமாட்டார், அந்தக் கடையைப் பணம் கொடுக்கச் சொல்வார்.


பாசிர்ரிஸ்காரன் | மூன்று வாரம் கழித்து, சனி

நடந்ததைச் சொல்ல வந்தேன்.

கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. 60-ஆம் நாள் வந்தது. நிரல் எழுதியபடியே பணம் அவர் வாலட்டுக்குத் திரும்பிப் போனது. அந்த விநாடியைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன், நானே எழுதிய வரி ஓடியதை. அன்று மாலையே நடுவர் மன்றத்தில் இணையம் வழி கோரிக்கை போட்டேன்.

அறிவிப்பு கையில் கிடைத்த இரண்டாம் நாள் அவரே அழைத்தார். கடைக் கணக்காளர் மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் நேரத்தையும் பார்த்துவிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார் போல. 3,000 வெள்ளி பேநவ்வில் (வங்கிக்கு வங்கி உடனே பணம் அனுப்பும் சேவை) அப்போதே வந்தது. மீதி 3,000 நேற்று வந்தது. கோரிக்கையை மீட்டுக்கொண்டேன். மென்பொருளில் ஒரு சின்னப் பிழை இருப்பதாகச் சொன்னார், அதையும் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேறொருவருக்கு வேலை. அவரும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட்தான் கேட்கிறார். இந்த முறை ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி, இரண்டு பேரும் முதலில் சிங்பாஸ் வழி கையெழுத்திடுகிறோம். அதில் இருக்கிற முக்கியமான பத்தியைத் தமிழில் சொல்கிறேன், பாருங்கள் அக்கா:

"கீழே குறித்த வாலட் முகவரியால் போடப்படும் கையெழுத்து, அதன் எதிரே பெயர் குறித்தவரின் கையெழுத்து என இரு தரப்பும் ஏற்கிறோம். சாவியை அவர் மட்டுமே வைத்திருப்பார். பிறரிடம் கொடுத்தால் அவர்கள் போடுவதும் அவர் போட்டதாகவே கொள்ளப்படும். நிரலும் இந்த எழுத்தும் முரண்பட்டால் இந்த எழுத்தே செல்லும். நிரல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் செய்த வேலைக்கான தொகை நிலுவையில் இருக்கும். சிங்கப்பூர்ச் சட்டம் பொருந்தும்."


சட்டக்கோப்பு | சனி இரவு

பணம் வந்ததில் மனதுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி.

பத்தி நன்றாக இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு முறை என்று 18-ஆம் பிரிவு கேட்டதை நோக்கி நீங்களே வந்துவிட்டீர்கள். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சாவி திருட்டுப்போனால்? "சாவி கைமாறியது என்று மின்னஞ்சலில் அறிவித்த நேரத்திலிருந்து அந்த முகவரியின் கையெழுத்து பிணைக்காது, அதற்கு முன் போட்டது பிணைக்கும்" என்று மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகு சேருங்கள். அறிவிப்பு போக வேண்டிய மின்னஞ்சல் முகவரியையும் எழுதிவிடுங்கள்.


பாசிர்ரிஸ்காரன் | சனி இரவு

சேர்த்துவிட்டேன் அக்கா. திங்கட்கிழமை கையெழுத்து.